பிஜி ரூமுக்கும் சர்ச் மேடைக்கும் ஒரே பேஸ் ஆம்ப் போதுமா?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கும் மற்றவர்களுக்கும் புரியும். பெங்களூர் பிடிஎம் லேஅவுட்டில் ஒரு பிஜி விடுதியில் இருக்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் விவேக்நகர் பக்கம் ஒரு தமிழ் சர்ச்சில் பேஸ் கிடார் வாசிக்கிறீர்கள், ஆபீஸ் நண்பர்களோடு ஒரு பேண்டும் ஆரம்பித்திருக்கிறீர்கள். கையில் 30,000 ரூபாய் இருக்கிறது. 25 வாட் 8 அங்குலம், 100 வாட் 12 அங்குலம், 200 வாட் 15 அங்குலம், இந்த மூன்று காம்போவில் (ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில்; அங்குலம் ஸ்பீக்கரின் அகலம்) எதை வாங்குவது என்கிறீர்கள். அமெரிக்காவிலிருந்து வரும் அண்ணனை ஒன்று வாங்கிவரச் சொல்லலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கேள்வி வாட்டைப் பற்றி இருந்தாலும், உங்களுக்குத் தெரியவேண்டியது வேறு என்று எனக்குப் படுகிறது: ராத்திரி ரூமில் தனியாக வாசிக்கவும், ட்ரம்ஸ் பக்கத்தில் நின்று வாசிக்கவும் ஒரே பெட்டி தாங்குமா?

தாங்கும், ஆனால் பெட்டி பெரிதாக இருப்பதால் அல்ல. பின்னால் எக்ஸ்எல்ஆர் அவுட் (மிக்ஸருக்குக் கேபிள் போடும் ஓட்டை) இருக்கிற, ஹெட்ஃபோன் செருக முடிகிற, நீங்களே ஒரு கையில் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏற முடிகிற 10 அல்லது 12 அங்குல காம்போ, 40 முதல் 100 வாட்டுக்குள். உங்கள் நிலைமைக்கு என் பதில் இதுதான். நான் பெங்களூரில் பல வருடங்களாக பேஸ் வாசிக்கிறேன், நண்பர்களின் ஆம்ப்களைத் திறந்து பழுதும் பார்க்கிறேன். வால்வு ஆம்ப்களில் எனக்குக் கை அவ்வளவாகப் பழகவில்லை, அதனால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். இந்தப் பட்ஜெட்டில் அவை வரவும் வராது.

வாட் ஏன் ஏமாற்றுகிறது என்று பார்ப்போம், ஏனென்றால் கடையில் முதலில் சொல்லப்படுவது அந்த எண்தான். ஆம்பின் சக்தியை இரண்டு மடங்கு ஆக்கினால் சத்தம் 3 டெசிபல் மட்டுமே கூடும். காதுக்கு 'இரண்டு மடங்கு சத்தம்' என்று தோன்றவேண்டுமென்றால் சுமார் 10 டெசிபல் கூடவேண்டும், அதற்குப் பத்து மடங்கு வாட் தேவை. ஆக 100 வாட்டுக்கும் 200 வாட்டுக்கும் நடுவே, மற்றதெல்லாம் சமமாக இருந்தால், நீங்கள் கேட்கப்போவது ஒரு சின்ன ஏற்றம்தான். மற்றதெல்லாம் சமமாக இருப்பதும் இல்லை. ஸ்பீக்கருக்கு சென்சிட்டிவிட்டி என்று ஒரு அளவு உண்டு: 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தள்ளி அளந்தால் எத்தனை டெசிபல் வருகிறது என்பது. 91 டெசிபல் ஸ்பீக்கரை 100 வாட்டில் ஓட்டினால் 111 டெசிபல் வரும். 97 டெசிபல் ஸ்பீக்கர் அதே 111-ஐ 25 வாட்டிலேயே கொடுத்துவிடும். காம்போ விற்கும் கம்பெனிகள் இந்த எண்ணைப் பெட்டியில் பெரும்பாலும் போடுவதில்லை, வாட்டை மட்டும் பெரிய எழுத்தில் போடுகின்றன. வாட்டிலும் ஆர்எம்எஸ் (தொடர்ந்து தரக்கூடிய சக்தி) என்று போட்டிருந்தால் நம்பலாம். ஒரு கணத்துக்கான பீக், பிஎம்பிஓ என்றெல்லாம் இருந்தால் அந்த எண்ணைக் கண்டுகொள்ளாதீர்கள்.

கிடாருக்கு 15 வாட் போதும் என்கிறார்களே, பேஸுக்கு ஏன் இவ்வளவு வேண்டியிருக்கிறது? கிடாரின் தடித்த ஈ ஸ்ட்ரிங் சுமார் 82 ஹெர்ட்ஸ், பேஸின் ஈ அதில் பாதி, 41 ஹெர்ட்ஸ், ஃபைவ் ஸ்ட்ரிங் பேஸின் பி இன்னும் இறங்கி 31. இவ்வளவு தாழ்ந்த ஒலிகளுக்கு நம் காது மந்தம். 1933இல் ஃப்ளெட்சரும் மன்சனும் வெளியிட்ட ஆய்விலிருந்தே இது தெரிந்த விஷயம். அதே அளவு காதில் விழ, தாழ்ந்த சுரத்துக்கு அதிகக் காற்றை அசைக்க வேண்டும். ஸ்பீக்கர் பெட்டி செய்பவர்களிடம் ஹாஃப்மன் விதி என்று ஒன்று உண்டு: சின்னப் பெட்டி, ஆழமான பேஸ், குறைந்த வாட்டில் அதிகச் சத்தம், இந்த மூன்றில் இரண்டைத்தான் எடுத்துக்கொள்ள முடியும். எந்த காம்போவைப் பார்த்தாலும் இந்த மூன்றில் எதை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள் என்று யோசியுங்கள், பாதி விளம்பரம் தானாகத் தெளிந்துவிடும். 25 வாட் 8 அங்குலப் பெட்டி ஆழத்தையும் சத்தத்தையும் விட்டுக்கொடுத்துச் சின்னதாக இருக்கிறது. அப்புறம் எப்படி அதில் ஈ ஸ்ட்ரிங் கேட்கிறது என்றால், அடிச் சுரம் வராவிட்டாலும் அதன் மேலே நிற்கும் 82, 123 ஹெர்ட்ஸ் ஹார்மோனிக்குகளை (அதன் மடங்குகளான மேல் ஒலிகளை) கேட்டு மூளை அந்த அடிச் சுரத்தைத் தானே நிரப்பிக்கொள்கிறது. ரூமில் தனியாக வாசிக்கும்போது இது நன்றாகவே வேலை செய்யும். ட்ரம்மர் கிக் ட்ரம்மை மிதித்த அடுத்த நொடியே வேலை செய்யாது.

15 அங்குலம் என்றால் ஆழம், 10 அங்குலம் என்றால் பன்ச் என்று நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: ஸ்பீக்கரின் அகலத்தை மட்டும் வைத்து அது எவ்வளவு கீழே இறங்கும் என்று சொல்ல முடியாது. பெட்டியின் கொள்ளளவு, போர்ட் (பெட்டியின் காற்றுத் துளை) எந்த ஹெர்ட்ஸுக்கு அமைக்கப்பட்டிருக்கிறது, கோன் (ஸ்பீக்கரின் அசையும் கூம்பு) எவ்வளவு தூரம் முன்னும் பின்னும் போகமுடியும், இதெல்லாம் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன. நல்ல பெட்டியில் உள்ள 10, மட்டமான பெட்டியில் உள்ள 15-ஐவிடக் கீழே இறங்குவது சாதாரணம். விரல் நுனியின் சத்தம், ஸ்லாப் (கட்டைவிரலால் அடிப்பது), பிக் எல்லாம் 10இல் தெளிவாக இருக்கிறது என்பது என் காதின் அபிப்பிராயம். ட்வீட்டர் (மேல் ஒலிக்கான சின்ன ஸ்பீக்கர்) இருக்கும் பெட்டியில் இந்த வித்தியாசமும் மங்கிவிடுகிறது. இதில் நீங்கள் என்னோடு ஒத்துப்போக வேண்டியதில்லை.

இப்போது நீங்கள் வாசிக்கும் இடங்களுக்கு வருகிறேன். பிஜி ரூமில் எந்த காம்போவாக இருந்தாலும் பிரச்சினை ஒன்றுதான், தாழ்ந்த ஒலி சுவரைத் தாண்டும். கிடாரின் ட்ரெபிளைச் சுவர் தடுத்துவிடும், 41 ஹெர்ட்ஸைத் தடுக்காது. அந்த அலையின் நீளமே 8 மீட்டருக்கு மேல். 10க்கு 12 அடி ரூமில் நீங்கள் கட்டிலில் உட்கார்ந்து 'பேஸே வரலையே' என்று நாபைத் திருகிக்கொண்டிருப்பீர்கள், அதே நேரத்தில் பக்கத்து ரூம் ஜன்னல் அதிர்ந்துகொண்டிருக்கும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. அந்த டெசிபல் காதின் மந்தத்துக்கு ஏற்றபடி தாழ்ந்த ஒலியைக் குறைத்துக் கணக்கிடுவது, 40 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய 35 டெசிபலைக் கழித்துவிடும். ஆகவே மொபைல் ஆப்பில் எண் சின்னதாகத் தெரிகிறது என்று தைரியமாக இருக்காதீர்கள், ஓனர் கதவைத் தட்டுவது ஆப்பைப் பார்த்துவிட்டு அல்ல. ராத்திரிக்கு ஹெட்ஃபோன், வேறு வழி கிடையாது. ஹெட்ஃபோன் செருகியதும் ஸ்பீக்கர் தானாக அணைகிறதா, மொபைலிலிருந்து பாட்டை உள்ளே விட ஆக்ஸ் இன் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். எண்பதுகளின் தமிழ்ப் பாட்டுகளை ஓடவிட்டு அந்த பேஸ் லைன்களைப் பிடித்துப் பழகுவதைவிட நல்ல பாடம் ஒரு பேஸ்காரருக்குக் கிடைக்காது என்று நான் உறுதியாக நம்புகிறேன், அதற்கு இந்த ஒரு ஓட்டை அவசியம்.

சர்ச்சில் கதையே வேறு. பின்வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கு பேஸைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது பி.ஏ.வின் (ஹாலுக்கான பெரிய ஒலி அமைப்பின்) வேலை, உங்கள் காம்போவின் வேலை உங்களுக்கும் ட்ரம்மருக்கும் கேட்கவைப்பது. அதனால்தான் எக்ஸ்எல்ஆர் அவுட்டை இவ்வளவு வலியுறுத்துகிறேன். அதிலிருந்து ஒரு கேபிள் நேராக மிக்ஸருக்குப் போகும், நீங்கள் மேடையில் சத்தத்தைக் குறைத்தாலும் கூட்டினாலும் சபைக்குப் போகும் அளவு மாறக்கூடாது. வாங்கும்போது மாஸ்டர் வால்யூமைத் திருகிப் பார்த்து இது அப்படித்தான் இருக்கிறதா என்று சோதியுங்கள். கிரவுண்ட் லிஃப்ட் என்று ஒரு சுவிட்ச் இருந்தால் இன்னும் நல்லது, பழைய கட்டடங்களில் மிக்ஸரும் மேடையும் வேறு வேறு லைனில் இருக்கும்போது வரும் ஹம் என்ற இரைச்சலை அது பெரும்பாலும் நிறுத்திவிடும். ஹெட்ஃபோன் அவுட்டிலிருந்து மிக்ஸருக்குக் கேபிள் போடுபவர்களைப் பார்க்கிறேன், தயவுசெய்து வேண்டாம். எக்ஸ்எல்ஆர் இல்லாத ஆம்ப் ஏற்கெனவே இருந்தால் ஒரு டிஐ பாக்ஸ் (கிடார் சிக்னலை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றும் சின்னப் பெட்டி) வாங்கி கிடாருக்கும் ஆம்புக்கும் நடுவில் போட்டால் போதும்.

சர்ச்சில் 'பேஸ் கேட்கவில்லை' என்றால் பேஸ் நாபைத் தொடாதீர்கள். 10 டெசிபல் பேஸைக் கூட்டினால் அந்தப் பகுதியில் ஆம்பிடம் பத்து மடங்கு சக்தி கேட்கிறீர்கள், சின்ன காம்போ அங்கேயே திணறிவிடும். கான்கிரீட் சுவரும் உயரமான கூரையும் உள்ள ஹாலில் அந்தத் தாழ்ந்த சத்தம் ஏற்கெனவே உருண்டுகொண்டுதான் இருக்கிறது, தெளிவுதான் இல்லை. 400 முதல் 800 ஹெர்ட்ஸ் வரை, அதாவது லோ மிட், கொஞ்சம் கூட்டுங்கள். ஆம்பைத் தரையிலிருந்து எடுத்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் வையுங்கள், மூலையிலிருந்து தள்ளி. தரையும் சுவரும் கொடுக்கும் வீக்கம் குறைந்து, ஸ்பீக்கர் உங்கள் முழங்காலுக்குப் பதில் காதைப் பார்த்து வாசிக்கும். இன்னொன்று, நம் சர்ச்சுகளில் கீபோர்டு வாசிப்பவரின் இடது கை பெரும்பாலும் உங்கள் சுரங்களின் மேலேயே உட்கார்ந்திருக்கும். அவரிடம் அன்பாகப் பேசி ஒரு ஆக்டேவ் மேலே போகச் சொல்லுங்கள். எந்த ஆம்பும் தராத தெளிவு அதில் கிடைக்கும்.

ஆபீஸ் பேண்டுக்கு இப்போதைக்கு எதுவும் வாங்காதீர்கள் என்பேன். ஜாம் ரூமை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுப்பீர்கள், அங்கே ஒரு பேஸ் ஆம்ப் பெரும்பாலும் இருக்கும். கோரமங்களா, இந்திராநகர் பப் மேடைகளில் பி.ஏ. இருக்கும். பி.ஏ.வே இல்லாமல், பலமாக அடிக்கும் ட்ரம்மரோடு, திறந்த வெளியில் வாசிக்கவேண்டியவருக்குத்தான் 300 வாட்டும் இரண்டு 10 அங்குலமும் தேவை. பெரிய பேஸ் ஆம்ப்களின் காலம் வந்ததும் அப்படித்தான். ஃபெண்டர் 1951இல் ப்ரிசிஷன் பேஸையும் அடுத்த வருடம் அதற்காகவே பேஸ்மேன் ஆம்பையும் கொண்டுவந்தது, 1960இல் ஆம்பெக்கின் பி-15 ஒரே ஒரு 15 அங்குல ஸ்பீக்கரோடு வந்து ஸ்டுடியோக்களில் நிலைத்தது. மேடைகள் பெரிதாகி, பேஸைத் தூக்கிப்போகும் அளவுக்கு பி.ஏ. வளராத நேரத்தில், 1969இல் ஆம்பெக் எஸ்விடி 300 வாட்டோடும் எட்டு ஸ்பீக்கர் கேபினெட்டோடும் வந்தது. அந்தப் பாரத்தை இன்று பி.ஏ. சுமக்கிறது.

மாடலாகச் சொல்லுங்கள் என்றால், ஃபெண்டர் ரம்பிள் வரிசையை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன், ஒரே குடும்பத்துக்குள் ஒப்பிட வசதி. ரம்பிள் 25இல் 8 அங்குலம், ஹெட்ஃபோன் உண்டு, எக்ஸ்எல்ஆர் இல்லை. ரம்பிள் 40இல் 10 அங்குலம், எக்ஸ்எல்ஆர் உண்டு, எடை 8 கிலோவைச் சுற்றி. ரம்பிள் 100இல் 12 அங்குலம், சுமார் 10 கிலோ. ரம்பிள் 200இல் 15 அங்குலம், 16 கிலோவை நெருங்கும். உங்கள் இடத்தில் நான் இருந்தால் 40இல் ஆரம்பித்து, பட்ஜெட் இடம் கொடுத்தால் 100க்குப் போவேன், 25ஐ ரூமைத் தாண்டி எங்கும் வாசிக்காதவருக்குத்தான் சொல்வேன். லேனி ஆர்பி3 65 வாட், 12 அங்குலம். ஹார்ட்கி எச்டி50 50 வாட், 10 அங்குலம், அலுமினியம் கலந்த கோன் என்பதால் மேல் பக்கம் கொஞ்சம் பளிச்சென்று இருக்கும். இரண்டையும் கேட்டுப் பாருங்கள். இவற்றில் எதன் டோன் உயர்ந்தது என்று நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன், அது உங்கள் கிடாரையும் விரலையும் பொறுத்தது.

எடையைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு கையில் கிடார் பேக், மறு கையில் ஆம்ப், ஆட்டோ கிடைக்கும்வரை ரோட்டோரம், அப்புறம் லிஃப்ட் இல்லாத மூன்று மாடி. தூக்கக் கஷ்டமான ஆம்ப் கொஞ்ச நாளில் ரூமை விட்டு நகராது. இன்று எடை குறைந்ததற்குக் காரணம் கிளாஸ் டி என்ற ஆம்ப் சர்க்யூட்டும் அதோடு வரும் ஸ்விட்ச் மோட் பவர் சப்ளையும். பழைய கிளாஸ் ஏபி ஆம்ப்களின் கனமான டிரான்ஸ்பார்மரும் பெரிய ஹீட் சிங்க்கும் இவற்றில் தேவைப்படுவதில்லை, மின்சாரத்தை வெப்பமாக வீணாக்குவதும் குறைவு. கிளாஸ் டியில் உயிரில்லை என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை; கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தைச் சமமாக வைத்துக் கேட்டால் பலருக்கும் வித்தியாசம் பிடிபடுவதில்லை என்பது என் அனுபவம்.

அண்ணன் வாங்கிவருவது பற்றி: அமெரிக்காவில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ்; இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். பின்பக்க லேபிளில் 100-240 என்று போட்டிருந்தால் பிளக்கை மட்டும் மாற்றினால் போதும். 120 மட்டும் போட்டிருந்தால் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் வாங்கி, அதையும் ஒவ்வொரு முறை சுமக்க வேண்டும், அவசரத்தில் ஒரு தடவை நேராகச் செருகினால் ஆம்ப் போய்விடும். ஒரே மாடலாக இருந்தாலும் நாட்டுக்கு நாடு பவர் சப்ளை மாறலாம், ஆகவே அந்தக் குறிப்பிட்ட பெட்டியின் லேபிளைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிப் பாருங்கள். வாரன்டி இங்கே செல்லுமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள், பெரும்பாலும் செல்லாது. என்னைக் கேட்டால் இங்கேயே வாங்குவேன்.

கடைக்கு உங்கள் சொந்த பேஸையே எடுத்துப்போங்கள், அங்கே தொங்கும் விலையுயர்ந்த ஆக்டிவ் (பேட்டரியில் ஓடும்) பேஸில் எல்லா ஆம்பும் நன்றாகத்தான் கேட்கும். எல்லா நாபையும் நடுவில் வையுங்கள், எஃபெக்ட் எதுவும் வேண்டாம். இரண்டு ஆம்பை ஒப்பிடும்போது சத்தத்தைக் காதால் சமப்படுத்திக்கொள்ளுங்கள். சமப்படுத்தாவிட்டால் சத்தமாக இருப்பதே நல்லது என்று மனம் முடிவு செய்துவிடும், அது எத்தனை வருடம் வாசித்தவருக்கும் நடக்கும். பிறகு வால்யூமைக் கூட்டி ஈ ஸ்ட்ரிங்கை மெதுவாக, முதல் ஃப்ரெட்டிலிருந்து ஒவ்வொன்றாக வாசியுங்கள். ஏதாவது ஒரு சுரத்தில் மட்டும் பெட்டி முனகினாலோ கிரில் கடகடத்தாலோ அதை விட்டுவிடுங்கள். நாலு மீட்டர் தள்ளி நின்று ஒரு தடவை கேளுங்கள், நண்பரை வாசிக்கச் சொல்லி. கடைசியாக, யாராவது பக்கத்தில் ட்ரம்ஸ் அடித்துக்கொண்டிருக்கும்போது சோதிக்க முடிந்தால் அதைவிட நல்ல பரீட்சை இல்லை.

பழையது வாங்குவதில் தப்பே இல்லை, இந்த ஊரில் ஆம்பை விற்றுவிட்டு ஊர் மாறுபவர்கள் எப்போதும் உண்டு. விற்பவர் வீட்டில் குறைந்தது 20 நிமிடம் ஓடவிட்டு வாசியுங்கள், சூடான பிறகுதான் சில கோளாறுகள் வெளியே வரும். நாபைத் திருகும்போது கரகரத்தால் பெரிய விஷயமில்லை, கான்டாக்ட் க்ளீனர் ஸ்ப்ரேயில் பெரும்பாலும் சரியாகிவிடும். கோனை இரு பக்கமும் விரல்களால் லேசாக, சமமாக அழுத்தினால் மெத்தென்று போய்வர வேண்டும். உரசும் சத்தம் வந்தால் வாய்ஸ் காயில், அதாவது கோனை அசைக்கும் கம்பிச் சுருள், கெட்டுப்போயிருக்கிறது, விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். பிளக்கைக் கட்டாயம் பாருங்கள். ஹம்மை நிறுத்துவதற்காக எர்த் பின்னை உடைத்தோ வெட்டியோ வைத்திருப்பார்கள். அப்படி இருந்தால் ஒயரோடு மாற்றிவிட்டு, எர்த் சரியாக இருக்கும் பாயிண்டில் மட்டும் செருகுங்கள். எர்த் இல்லாத ஆம்பில் உள்ளே ஏதாவது கோளாறு வந்தால், ஸ்ட்ரிங்கில் கை இருக்க உதடு மைக்கில் படும்போது அந்த ஷாக் உங்கள் உடம்பு வழியாகப் போகும். கோரஸ் பாடுபவர் நீங்கள் என்றால் இதை முதலில் பாருங்கள், டோனையெல்லாம் அப்புறம் பார்க்கலாம்.